வாடகை விருந்தும் அண்டை வீடும்



பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கான இவ்வரிசையில், குடியிருப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் சட்டம் பயின்றவனல்லன், கலைப் பட்டதாரி. திருவனந்தபுரத்தில் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி செய்து வருகிறேன். ஒரு மொழியில் எழுதியதை இன்னொரு மொழியில் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அந்தப் பிழைப்பின் வழியாகவே இன்றைய விஷயம் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே அதைத் தொடங்கிய இடத்திலிருந்து சொல்லுவதே முறை.

நான் குடியிருப்பது மருத்துவக் கல்லூரிக்கும் உள்ளூருக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டிடம். உள்ளூர் என்பது இந்நகரத்தில் ஓர் இடத்தின் பெயர். அதன் அருகே வெளியூர்க்காரனாக வாழ்வதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐந்து மாடிகள், 24 வீடுகள், ஒரே மின்தூக்கி, ஒரே வாசல், ஒரே காவலாளி. ஏழு வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள். சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள், கட்டிடச் சங்கத்தின் செயலாளர் ஒரு தாளுடன் என்னிடம் வந்தார். பொதுக்குழுவில் வைக்கவேண்டிய தீர்மானம் அது. ஆங்கிலத்தில் மூன்றே வரி. மலையாளம் படிக்கத் தெரியாத தமிழ் முதியவர்களுக்காக அதைத் தமிழில் எழுதித் தரவேண்டும் என்றார். சங்க உறுப்பினர் என்ற முறையில் அல்ல, மொழி தெரிந்தவன் என்ற முறையிலே கேட்டார். நான் வாடகைக்குக் குடியிருப்பவன். சங்கத்தில் எனக்கு வாக்கில்லை.

அத்தீர்மானத்தின் சாரம் இது: வெளியாட்கள் எவரையும் பணம் பெற்றுக்கொண்டு முப்பது நாட்களுக்குக் குறைவாக எந்த வீட்டிலும் தங்கவைத்தல் கூடாது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. மூன்றாம் மாடியில் ஒரு வீடு. அதன் உரிமையாளர் தென்காசிப் பக்கத்துத் தமிழர், பூனாவில் உத்தியோகம். உங்களில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்பு அவ்வீட்டில் ஒரு வங்கி அதிகாரி மாத வாடகைக்கு இருந்தார். அவர் மாற்றலாகிப் போனபின், உரிமையாளர் வீட்டைக் கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியாக நாள் வாடகைக்கு விடத் தொடங்கினார். கணக்கு எளிது. மாதம் 18,000 ரூபாய் வாடகை வரும் வீட்டை நாளொன்றுக்கு 2,000 ரூபாய்க்கு விட்டால், ஒன்பது இரவுகளில் அத்தொகை கைக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் எத்தனை இரவுகள் ஆள் வந்தாலும் அது மேல்வருவாய். பூனாவில் தாம் கொடுக்கும் வாடகைக்கும், மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கும் அது உதவியது. இதில் பேராசை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

ஆனால் அந்த மேல்வருவாயின் செலவைச் சுமந்தவர்கள் வேறு சிலர். வாசற்கதவில் எண்பூட்டுப் பெட்டி ஒன்று தொங்கியது. வருபவர் எண்ணை அழுத்திச் சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். எண் மறந்தவரும், மாடி மாறியவரும் எதிர்வீட்டு மணியை அழுத்துவார்கள். எதிர்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எழுபது வயது, தனியாக வாழ்பவர். கட்டிடம் முழுவதும் அவரை டீச்சர் என்றே அழைக்கும். இரவு ஒன்றரை மணிக்கு மணி அடித்தால், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ‘யார்?’ என்று கேட்டு நடுங்குவது வாரத்தில் இருமுறை அவர் வழக்கமாயிற்று. ஒரு முறை ஒன்பது பேர் பெட்டிகளோடு ஏறி மின்தூக்கி இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையே நின்றுவிட்டது. குப்பையைத் தரம் பிரிக்காமல் விட்டுப்போனதால், ஹரித கர்ம சேனைப் பெண்கள் எடுக்க மறுத்தார்கள், அது நியாயந்தானே? மறுபடி பிரித்து வைத்தவர் எங்கள் காவலாளி. இவற்றுள் எந்தக் குறையைச் சொல்லவும் அங்கே ஒருவரும் இல்லை. விருந்தினர் மறுநாள் போய்விடுவார், உரிமையாளரோ பூனாவில்.

மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது என் பேனா இரண்டு சொற்களில் நின்றது.

ஒன்று, விருந்தினர் என்னும் சொல். உறவாக வந்து நம் வீட்டில் உண்டு உறங்குபவரையும், கட்டணம் செலுத்தி அறையில் தங்குபவரையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் அழைக்கிறது. தமிழில் விருந்து என்பதற்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாத புதியவரே விருந்து, உறவினர் அல்லர். திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரமாக, இல்லறவியலில் அமைந்திருக்கிறது. விருந்தோம்புவது இல்லத்தில் வாழ்பவரின் கடமை என்பது அதனாற் பெறப்படும். வழிச்செல்வோர் தங்குவதற்கு நம் முன்னோர் வைத்த ஏற்பாடு வேறு. மதுரைப் புகைவண்டி நிலையத்துக்கு எதிரே இன்றும் நிற்கும் மங்கம்மாள் சத்திரத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். திருவிதாங்கூரில் பெருவழிகளை ஒட்டி வழியம்பலங்கள் இருந்தன. வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் இருந்தார். சத்திரத்தில் தங்கினால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார். வீடாகவும் இன்றிச் சத்திரமாகவும் இன்றி, வரவேற்பவர் இல்லாத தங்குமிடம் என்பது நம் காலத்தின் புதுமை.

புதுமை என்றாலும் அது தொடங்கிய விதம் அப்படியன்று. உலகெங்கும் பெயர் பெற்ற ஏர்பிஎன்பி என்னும் நிறுவனம் 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றியது. அதற்கு முந்திய ஆண்டு, அந்நகரில் ஒரு மாநாடு நடந்தபோது, இரண்டு இளைஞர்கள் தாங்கள் குடியிருந்த வீட்டின் கூடத்திலேயே காற்றடைத்த மெத்தைகளை விரித்து மூவருக்கு இடம் கொடுத்ததே அதன் வித்து. அன்று வீட்டுக்காரர்கள் வீட்டில் இருந்தார்கள். நம் மத்திய சுற்றுலா அமைச்சு இல்லத் தங்கல் திட்டத்தை வகுத்தபோதும் இதையே அடிப்படையாகக் கொண்டது. உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வாழவேண்டும், ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விடலாம், பன்னிரண்டு படுக்கைகளுக்கு மேற்படலாகாது என்பன அதன் நிபந்தனைகள். ‘ஹோம் ஸ்டே’ என்னும் தொழிலால் பெயர் பெற்றது கேரளம். அதன் சுற்றுலாத்துறை அத்தகைய இல்லங்களை வைரம், தங்கம், வெள்ளி எனத் தரம் பிரித்துச் சான்றளித்து வந்திருக்கிறது. எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் இல்லமும் இருந்தது, தங்கலும் இருந்தது. இல்லத்தார் மட்டும் இல்லை.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சட்ட நூல்களை மொழிபெயர்த்துப் பழகியதால் வந்த அறிவே என்னுடையது. வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரை நாடுவதே உத்தமம்.

அடுக்குமாடியில் வீடு வாங்குபவர் இரண்டு பொருள்களை வாங்குகிறார். ஒன்று, நான்கு சுவருக்குள் அடங்கிய வீடு. மற்றொன்று, நிலத்திலும் படிக்கட்டிலும் மின்தூக்கியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் உள்ள பிரிபடாப் பங்கு. பத்திரத்தில் யு.டி.எஸ். என்று குறிப்பது இதைத்தான். முதலாவது தனியுடைமை; இரண்டாவது பொதுவுடைமை. 1983ஆம் ஆண்டின் கேரள அடுக்குமாடி உடைமைச் சட்டம், அதன்கீழ் உறுதியளித்துப் பதிந்த கட்டிடங்களில், ஒவ்வோர் உரிமையாளரும் துணைவிதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறது. மீறினால் இழப்பீடோ தடையாணையோ கோரலாம். தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2022ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2024 மார்ச்சு மாதம் நடைமுறைக்கு வந்தது. மகாராஷ்டிரத்தில் 1970ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. எனினும் கேரளத்தில் பல சங்கங்கள் இச்சட்டத்தின்கீழ் அன்றி, 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. உங்கள் சங்கம் எச்சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்கிறது என்பதை முதலில் கேட்டறிவது நலம். அதன் அதிகாரத்தின் எல்லை அதைப் பொறுத்தது.

இரண்டாவது நுட்பம் குத்தகைக்கும் உரிமத்துக்கும் உள்ள வேற்றுமை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் குத்தகையை விளக்குகிறது. வீட்டை அனுபவிக்கும் உரிமை வாடகைதாரருக்கு மாறுகிறது. அதே ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் உரிமத்தை விளக்குகிறது. அது வெறும் அனுமதியே, சொத்தில் எந்தப் பாத்தியதையும் அதனால் உண்டாவதில்லை. மாத வாடகைக்கு ஒப்பந்தம் எழுதிக் குடியிருப்பவர் பொதுவாக முதல் வகை. விடுதியறையில் இரண்டு நாள் தங்குபவர் இரண்டாம் வகை.

இந்த நுட்பத்தின் மீது ஒரு பெரிய வழக்கே தீர்ந்தது. அதுவும் தமிழர் மிகுந்து வாழும் மலேசியாவில். கோலாலம்பூரின் மோண்ட் கியாரா பகுதியில் வெர்வ் சூட்ஸ் என்னும் கட்டிடம். அதன் உரிமையாளர்கள் 2017ஆம் ஆண்டு கூடி, குறுகிய கால வாடகையைத் தடுத்து ஒரு விதி செய்தார்கள். மீறினால் நாளொன்றுக்கு 200 ரிங்கிட் தண்டம். நாள் வாடகை விட்ட சில உரிமையாளர்கள், ‘எங்கள் சொத்தை நாங்கள் கையாளும் உரிமையைச் சங்கம் தடுக்க முடியாது, சட்டமே அப்படிச் சொல்கிறது’ என்று வாதிட்டார்கள். 2020 அக்டோபரில் அந்நாட்டின் உச்ச மன்றமாகிய கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாள் கணக்கில் தங்குவோருக்குக் கிடைப்பது குத்தகையன்று, உரிமமே. ஆகவே அதைத் தடுக்கும் விதி சொத்தைக் கையாளும் உரிமையைத் தடுப்பதாகாது என்று சொல்லிச் சங்கத்தின் பக்கமே நின்றது.

ஆனால் எல்லா நாட்டிலும் அப்படி முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் வாட்டர்கேட் என்னும் கட்டிடத்தின் சங்கம் இத்தகைய விதி செய்தபோது, விக்டோரிய மாநில உயர்நிலை நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு, அவ்வாறு விதி செய்யச் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்றது. பிறகு சட்டமன்றம் குறுக்கிட வேண்டியிருந்தது. 2025ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து, அம்மாநிலத்தில் உரிமையாளர்களில் நூற்றுக்கு 75 பேர் ஒப்பினால் தடைவிதிக்கலாம். சிங்கப்பூர் வளைந்து கொடுக்கவில்லை. தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், அரசு வீடமைப்பு வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடலாகாது. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைந்த வாடகையாயின் வீட்டுக்காரர் உடனிருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேற்படலாகாது, பதிவும் வேண்டும் என்று நடத்தி வருகிறது. பார்சிலோனாவின் மேயர், 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் நீட்டிப்பதில்லை என்று 2024 ஜூனில் அறிவித்தார். அங்கே குறை வேறு. ஊராருக்குக் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை.

தடை செய்யும் அதிகாரத்தைக் கண்டு நாம் மகிழ்ந்துவிடவும் கூடாது. சங்கங்கள் எல்லை கடப்பதும் உண்டு. வீட்டில் நாய் பூனை வளர்க்கக் கூடாது என்னும் துணைவிதி செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. இந்நகரிலேயே ஓர் அடுக்குமாடிச் சங்கம், மணமாகாத வாடகைதாரரின் வீட்டுக்கு எதிர்ப்பாலார் வரலாகாது என்று அறிவிப்பு ஒட்டி, 2023ஆம் ஆண்டு நாளிதழ்களில் அடிபட்டது. அயலூரில் வீடு தேடி அலைந்த தமிழர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. ‘உங்களவர்களுக்கு விடுவதில்லை’ என்ற விடையை நம்மில் எத்தனை பேர் வாசலில் நின்று கேட்டிருக்கிறோம்!

இதனால்தான் இரண்டாவது சொல்லில் என் பேனா நின்றது. வெளியாட்கள் என்று அத்தீர்மானம் சொன்னது. யார் வெளியாள்? வாக்கில்லாத நான் யார்?

அந்த வாரத்திலேயே மின்தூக்கியில் ஒருவரைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் எக்ஸ்ரே உறை, மறு கையில் அரிசிப் பை. அருகே தலையில் துணி சுற்றிய மனைவி. பேச்சிலே சங்கரன்கோவில் மணம். மண்டலப் புற்றுநோய் மையத்தில் அந்த அம்மாளுக்குச் சிகிச்சை. 21 நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவதற்காக வந்து, மூன்று நாள் தங்கிப் போவார்களாம். மூன்றாம் மாடி வீட்டில்தான் தங்கல். விடுதிகள் இவ்வட்டாரத்தில் நிறைய இருக்கின்றனவே என்று கேட்டேன்.

“லாட்ஜுல அடுப்பு கிடையாது அண்ணாச்சி. இங்கன்னா நானே கஞ்சி வச்சுக் குடுப்பேன். அவ ரெண்டு வாய் குடிக்கா” என்றார்.

1981ஆம் ஆண்டு தொடங்கிய அம்மையத்துக்கும், அதன் பக்கத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்கும் நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்து வருவோர் ஏராளம் என்பதை இந்நகரில் வாழ்பவர் அறிவர். முப்பது நாள் விதி வந்தால், மூன்று நாள் தங்கும் இவர்களும் வெளியேற வேண்டியவர்களே. இரவு ஒன்றரை மணிக்கு மணியடித்தவரும், கஞ்சி காய்ச்சியவரும் அத்தாளில் ஒரே சொல்லுக்குள் அடங்கினார்கள்.

டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு: “சாரே, ஆற்றுகால் பொங்காலைக்கு வருகிற பெண்களை ஆண்டுதோறும் என் வீட்டில் படுக்க வைக்கிறேன். அவர்களை எனக்கு முன்பின் தெரியாது. வருகிறவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. வரவேற்கிறவர் எங்கே? அதுதான் என் கேள்வி.” பொங்காலை நாளில் இந்நகரத்தின் தெருக்களும் முற்றங்களும் அடுப்புகளால் நிறைவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், 2009ஆம் ஆண்டு 25 லட்சம் பெண்கள் கூடியதாக கின்னஸ் நூல் பதிந்திருக்கிறது. அயலாரைக் கண்டு அஞ்சும் ஊர் அன்று இது. டீச்சரின் கேள்வியை நான் அப்படியே தாளில் குறித்துக்கொண்டேன்.

பொதுக்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியது. பத்தொன்பது உரிமையாளர்கள் கலந்துகொண்டார்கள். பூனாக்காரர் தொலைபேசி வழியாக. என் தமிழ்ப் படியை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்துவிட்டு, ஒரு நிமிடம் பேச அனுமதி கேட்டேன். மூன்றாம் மாடி வீட்டில் நேர்ந்த குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றுள் எது முப்பது நாளுக்கு மேல் தங்குபவரால் நேராது என்றும், எது பொறுப்பாளர் ஒருவர் இருந்தால் தீராது என்றும் கேட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை. வாக்கில்லாதவன் அதற்கு மேல் பேசுவது அழகன்று.

வாதம் நான்கு மணி நேரம் நடந்தது. முழுத் தடைக்கு ஆதரவாக ஒன்பது வாக்குகள், எதிராகப் பத்து. பிறகு மாற்றுத் தீர்மானம் எழுதினார்கள். அதில் ஒருவர், நோயாளிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம், மருத்துவமனைத் தாளை வாசலில் காட்டினால் போதும் என்றார். இரக்கமான யோசனை என்று பலர் தலையசைத்தார்கள். டீச்சர் எழுந்து, “நோயை வாசலில் காட்டிவிட்டா உள்ளே வரவேண்டும்?” என்று கேட்டார். அந்த யோசனை அத்தோடு கைவிடப்பட்டது. விதி எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

விதிகள் இவை. நாள் வாடகைக்கு வீடு விடுபவர், அழைத்த அரைமணியில் வந்து சேரக்கூடிய பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் எண் காவலாளியிடமும் அண்டை வீடுகளிலும் இருக்க வேண்டும். பொறுப்பாளரே நேரில் வந்து சாவியைக் கொடுக்க வேண்டும். எண்பூட்டுப் பெட்டி ஆகாது. வருவோர் பெயர் முன்கூட்டியே வாசற்புத்தகத்தில் ஏற வேண்டும். நால்வருக்கு மேல் தங்கலாகாது. இரவு பத்து மணிக்குப் பின் வருவதானால் முன்னறிவிப்பு வேண்டும். மின்தூக்கியும் தண்ணீரும் அதிகம் செலவாவதால் அவ்வீட்டின் பராமரிப்புத் தொகை ஒன்றரை மடங்கு. ஓராண்டில் மூன்று குறைகள் விசாரித்து மெய்ப்பட்டால், அடுத்த ஓராண்டுக்கு நாள் வாடகை நிறுத்தப்படும். ஆதரவு பதினைந்து, எதிர்ப்பு நான்கு. அந்த நால்வரில் டீச்சரும் ஒருவர். தம் அச்சம் தீர்ந்ததாக அவர் பாவனை செய்யவில்லை. அது அவர் உரிமை.

எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதன்பின் ஒரு குறை பதிவாகியிருக்கிறது, நள்ளிரவுப் பாட்டு. ஆனால் இம்முறை டீச்சர் கதவுக்குப் பின்னால் நடுங்கவில்லை; எண்ணைச் சுழற்றினார்; இருபது நிமிடத்தில் பொறுப்பாளர் வந்தார். பூனாக்காரருக்கு வருவாய் குறைந்தது. பொறுப்பாளருக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனினும் வீடு திறந்தே இருக்கிறது. சங்கரன்கோவில் தம்பதியர் 21 நாளுக்கு ஒருமுறை வருகிறார்கள்.

நேயர்களே, இக்கதையை உங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்கள் பெரும்பாலும் இக்கதவின் இரு பக்கத்திலும் நிற்பவர்கள். பம்பாயிலோ பெங்களூரிலோ நீங்கள் எதிர்வீட்டுக்காரர். நாள்தோறும் புதிய முகங்கள் வந்துபோவது உங்களுக்குத் தொல்லை. அதே வேளையில் கோவையிலோ நாகர்கோவிலிலோ சென்னையிலோ உங்கள் சொந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அதை நாள் வாடகைக்கு விட்டால் நல்ல வருவாய் என்று யாரோ சொல்கிறார்கள். ஒரு பக்கத்தில் நின்று கேட்கும் நியாயத்தை மறு பக்கத்திலும் மறவாதிருக்க வேண்டும்.

வீட்டை விட எண்ணுவோர் சிலவற்றைக் கவனிப்பது நன்று. கிரயப் பத்திரத்தையும் துணைவிதிகளையும் படியுங்கள். குடியிருப்புக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், செயலியில் இடுமுன் சங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள். குடியிருப்புக் கட்டிடமும் தங்கும் விடுதியும் கட்டிட விதிகளில் வெவ்வேறு வகை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அயல்நாட்டார் தங்கினால் அதிகாரிகளுக்கு அறிவிக்கும் கடமை உங்களுடையது. முன்பு ‘சி’ படிவத்தில் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் முறை இருந்தது. 2025 செப்டம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்த குடிவரவு, அயல்நாட்டினர் சட்டத்திலும் அக்கடமை தொடர்கிறது. செயலி நடத்தும் நிறுவனம் அதை உங்களுக்காகச் செய்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

எதிர்வீட்டில் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. குறையைத் தேதியிட்டு எழுத்தில் கொடுங்கள். செயற்குழு ஒட்டும் அறிவிப்பு வேறு, பொதுக்குழு முறைப்படி திருத்திய துணைவிதி வேறு. முன்னதை நம்பி ஒருவரைத் தடுத்தால், வழக்கில் தோற்பவர் நீங்களாக இருக்கலாம். விதி செய்யும்போது, எந்தக் குறையைத் தீர்க்க அது வருகிறது என்று ஒவ்வொரு வரியிலும் கேளுங்கள். ஆள் இன்னார் என்பதற்காக அடைக்கும் கதவு, நாளை உங்கள் பிள்ளை வேற்றூரில் வீடு தேடும்போதும் அடைபடும்.

இறுதியாக, ஊரில் வீடு வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு உங்கள் வீட்டில் யார் தங்குகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், கைப்பேசி சொல்லிவிடும். ஆனால் உங்கள் எதிர்வீட்டில் இருப்பவருக்கு உங்கள் எண் தெரியுமா? தெரியாதெனில், இப்பேச்சு முடிந்ததும் அவரை ஒருமுறை அழைத்து, நலம் விசாரித்து, அதைக் கொடுத்துவிடுங்கள்.